நீக்கக் கையெழுத்து

2012 மின்வெட்டை அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லேத் பட்டறைகள் வேலையை இரவுக்குத் தள்ளின. டீக்கடைக்காரருக்கும் கரண்ட் போகும் நேரம் மனப்பாடம். சென்னைக்கு அறிவித்த வெட்டு தினம் 2 மணி நேரம். மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மடங்கு. 1964ல் தொடங்கிய அந்த எஸ்டேட்டில், பழைய கொட்டகை ஒன்றை இடித்துக் கட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், அந்த வருடம்தான் நான் கண்காணிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். மாநிலத்தின் மின்வெட்டு முழுவதும் எங்கள் திரையில் ஓடியது.

வேலை இதுதான். நகைக்கடன் தரும் நிதி நிறுவனம், துணிக்கடைகள், மருந்து மொத்த வியாபாரி என்று பல வாடிக்கையாளர்கள். ஊர் ஊராக அவர்களுக்குக் கிளைகள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரூட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு சர்வர், ஒரு யுபிஎஸ், பிரிண்டர்கள். எல்லாவற்றையும் நாகியோஸ் என்ற மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் சிவப்பு. திண்டிவனத்தில் கரண்ட் போனால் முதலில் யுபிஎஸ் 'பேட்டரியில் ஓடுகிறேன்' என்று அலாரம் தரும். அரை மணி நேரத்தில் பேட்டரி தீரும். பிறகு ரூட்டர் சிவப்பு, ஸ்விட்ச் சிவப்பு, சர்வர் சிவப்பு, பிரிண்டர்கள் சிவப்பு. கரண்ட் வந்ததும் அத்தனையும் பச்சைக்குத் திரும்பி, ஆளுக்கொரு மெயில் அனுப்பும். ஒரு கிளைக்கு ஒரு வெட்டுக்கு இவ்வளவு. இதை நூற்றுக்கணக்கான கிளைகளால் பெருக்கினால் எங்கள் ஒரு ஷிப்ட் கிடைக்கும்.

இரவில் மூன்று பேர் உட்காருவோம். ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று வண்டி சுற்றி ஏற்றிக்கொண்டு வரும். பெண்கள் இருந்தால் கூடவே ஒரு காவலர். சீட்டில் உட்கார்ந்ததும் கை செய்யும் முதல் வேலை 'அக்' போடுவது: 'பார்த்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ளும் பொத்தான். மவுஸைக் கீழே இழுத்து ஒரு பக்கம் முழுவதையும் தேர்வு செய்து ஒரே தட்டில் அக் போடுவதற்கு எல்லோரும் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். காலையில் ஹேண்ட்ஓவர் மெயிலில் 'பவர் இஷ்யூ, அண்டர் அப்சர்வேஷன்' என்று ஒரு வரி. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், "சிவப்பை மொதல்ல பாரு, மஞ்சள் இருக்கட்டும்." மஞ்சளைப் பார்க்கும் நேரம் எந்த ஷிப்டிலும் வந்ததில்லை.

யாரும் சோம்பேறிகள் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, கொரட்டூரிலும் மண்ணூர்பேட்டையிலும் அறை எடுத்துத் தங்கிய பிள்ளைகள். சம்பளத்தில் பாதி வீட்டுக்குப் போகும். கண்ணை மூடாமல் உட்காருவார்கள். ஆனால் திரையில் வரும் நூறு வரியில் தொண்ணூற்றைந்துக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்றால், மீதி ஐந்தையும் கண் அதே விதமாகத்தான் பார்க்கும். மன உறுதியால் இதை வெல்ல முடியாது. இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் அடுத்த வருடம் நடந்தது.

2013 வடகிழக்குப் பருவமழையின்போது ஓர் இரவு. பூந்தமல்லிப் பக்கம் ஒரு வாடிக்கையாளரின் சர்வர் அறையில், கரண்ட் விட்டு விட்டு வந்ததில் ஏசி நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஓடியது, சர்வர்கள் ஓடின, ஏசி மட்டும் தானாகத் திரும்பக் கிளம்பவில்லை. அறையின் சென்சார் 'வெப்பம் கூடுகிறது' என்று முதலில் மஞ்சளும் பிறகு சிவப்பும் காட்டியது. அதே நேரத்தில் மழையில் மாவட்டங்களின் லிங்குகள் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. ஒரு லிங்க் விழுந்தால் ஒரு அலாரம், எழுந்தால் இன்னொன்று, மறுபடி விழுந்தால் மறுபடியும். வெப்ப அலாரம் அந்த வெள்ளத்தில் பக்கம் பக்கமாகக் கீழே போய்விட்டது. விடிவதற்கு முன்னால் சூடு தாங்காமல் சர்வர்கள் தாமாக அணைந்தன.

அன்று ஷிப்டில் இருந்தவன் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரன், வேலூர்ப் பையன். விசாரணைக் கூட்டத்தில் அந்த இரவின் பதிவைப் பெரிய திரையில் போட்டார்கள். மொத்தப் பதிவையும் போடவில்லை. அந்த ஒரு சென்சாரை மட்டும் வடிகட்டிப் போட்டார்கள். வெள்ளைத் திரையில் இரண்டே வரி. "அலாரம் வந்திருக்கே, ஏம்பா பாக்கல?" இரண்டே வரி இருந்தால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? அவன் பார்த்த திரையில் அந்த இரண்டு வரியைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அதைச் சொல்ல எழுந்தவனை உட்காரச் சொன்னார்கள்.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் இரண்டு நடவடிக்கைகள் எழுதப்பட்டன. ஒன்று, ஊழியருக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. இரண்டு, வெப்பத்துக்குக் கூடுதலாக மூன்று அலாரங்கள், அவற்றுக்கு எஸ்எம்எஸ்ஸும் மெயிலும். சில மாதங்களில் அவன் வேலையை விட்டுப் போனான். அந்த மூன்று அலாரங்கள் மட்டும் இருந்தன. அதற்கு முன்பு நடந்த ஒவ்வொரு கோளாறின் அறிக்கையும் இப்படித்தான் முடிந்திருந்தது என்பதைப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது கண்டேன். ஏதாவது உடைந்தால் ஒரு அலாரம் சேர்ப்பார்கள். சேர்த்தவரை யாரும் குறை சொன்னதில்லை. நீக்கலாம் என்று சொல்ல மட்டும் எல்லோருக்கும் பயம். நீக்கிய மறுநாள் அந்த இடமே உடைந்தால்? அந்தப் பயத்தின் முழு விலையையும் இரவு ஷிப்ட் கட்டிக்கொண்டிருந்தது.

இதை எனக்கு வேறொரு பக்கத்திலிருந்து விளங்கவைத்தவர், ஆவடியில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த பெரியவர். மணலிப் பக்கம் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "ஒங்க ஸ்க்ரீன்ல எத்தன அலாரம்மா இருக்கு?" என்று கேட்டார். எண்ணிக்கை தெரியாது என்றேன். அதுதான் நோய் என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அலாரம் என்பது சுவரில் பதித்த ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். ஒன்றைக் கூட்ட வேண்டுமென்றால் பலகையில் இடம் வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், விளக்கு வேண்டும், பணம் வேண்டும். அதனால் இன்ஜினியர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள், சண்டை போட்டார்கள். பிறகு கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்தது. அலாரம் சேர்க்க நான்கு தட்டுப் போதும் என்றானது. செலவு இல்லை, ஆகவே யோசனையும் இல்லை. பத்து வருடத்தில் ஆபரேட்டர் மூழ்கிப்போனார்.

மில்ஃபோர்ட் ஹேவன் என்ற பெயரை அவரிடம்தான் முதலில் கேட்டேன். பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரையில் இருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஜூலை 24 அன்று இடி மின்னலில் தொடங்கிய சிக்கல் மணிக்கணக்கில் வளர்ந்து வெடிப்பில் முடிந்தது. 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு முன்னால் வந்த அலாரங்கள் 275. ஆலையில் அமைத்திருந்த அலாரங்களில் 100க்கு 87 உச்ச அவசரம் என்று குறிக்கப்பட்டிருந்தன. எல்லாமே அவசரம் என்றால் எதற்கு முதலில் ஓடுவது? அதற்கும் முன்பு 1979ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிய சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. ஆலைக்காரர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1999ல் பிரிட்டனிலும், 2009ல் அமெரிக்காவிலும் இதற்கென்று நெறிமுறைகள் எழுதினார்கள். ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரம் என்றால் தாங்கும். பத்து நிமிடத்தில் பத்தைத் தாண்டினால் அதற்குப் பெயரே அலாரம் வெள்ளம். எங்கள் அறையில் ஒரு நிமிடத்துக்கே பத்து சாதாரணம்.

ஆஸ்பத்திரிகளிலும் இதே கதை. தீவிர சிகிச்சைப் பிரிவின் மானிட்டர்கள் எழுப்பும் ஒலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நர்ஸ் செய்ய வேண்டியது எதுவும் இருப்பதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கையில், மூன்றரை ஆண்டுகளில் தன் பார்வைக்கு வந்த அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்ததாகச் சொன்னது. எங்கள் கையில் உயிர் இல்லை என்று மேலாளர்கள் சொல்வார்கள். வேலூர்ப் பையனின் வேலை இருந்தது.

மாற்றம் 2014ல் வந்த புது ஷிப்ட் மேனேஜரால்தான் தொடங்கியது. எல்லோரும் அவரை அண்ணா என்றே கூப்பிடுவோம். அவர் செய்தது ஒரு எக்செல் தாள். ஒவ்வொரு வகை அலாரத்துக்கும் ஒரு வரி. 'இது வந்தால் யார், என்ன செய்ய வேண்டும்?' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலையை ஆறேழு பேரிடம் பிரித்துக் கொடுத்தார், நானும் ஒருத்தி. பாதிக்கு மேல் காலியாகவே நின்றது. 'கவனிக்கவும்' என்று சிலர் எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. "கவனிக்கறது வேலை இல்லமா. கவனிச்சுட்டு யாருக்குப் போன் போடுவ?"

நானும் ஆவடிக்காரிதான். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் ஊரில் யார் சைக்கிளை எடுக்க வேண்டும், யார் உலை வைக்க வேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். அண்ணா கேட்ட கேள்வி எனக்கு உடனே புரிந்துபோனதற்கு அந்த வளர்ப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மென்பொருளுக்குள் இதற்கான வழிகள் ஏற்கெனவே இருந்தன. யாரும் திறந்து பார்க்காததுதான் விஷயம். எந்தக் கருவி எதற்குப் பின்னால் இருக்கிறது என்று நாகியோஸுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ரூட்டர் விழுந்தால் அதற்குப் பின்னாலிருக்கும் சர்வரை 'விழுந்தது' என்று சொல்லாமல் 'எட்டவில்லை' என்று தனியாக வைக்கும். ஒரு கிளைக்கு ஏழு அலாரம் ஒன்றாகக் குறைந்தது. ஒரு தடவை பதில் வராததும் கத்தாமல், மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லவைக்கலாம். விழுந்து எழும் லிங்குகளுக்கென்றே ஒரு கணக்கு உண்டு: கடைசி 21 சோதனைகளில் எத்தனை முறை நிலை மாறியது என்று பார்த்து, எல்லை தாண்டினால் 'இது ஆடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மழை இரவுகளின் முக்கால்வாசி இதில் அடங்கியது.

எண் எல்லைகளில்தான் அதிகம் சண்டை போட்டோம். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் அலாரம் என்பது எங்கிருந்தோ வந்த வழக்கம். 20 ஜிபி டிஸ்கில் 90 என்றால் மிச்சம் 2 ஜிபி, இரவுக்குள் நிரம்பலாம். 2000 ஜிபி டிஸ்கில் மிச்சம் 200, மாதக்கணக்கில் தாங்கும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. நிரம்பும் வேகத்தைப் பார்த்து, விடிவதற்குள் தீருமா என்று கேட்கும்படி மாற்றினோம். நள்ளிரவில் பேக்கப் ஓடும்போது ப்ராசசர் 95 சதவீதம் வேலை செய்தால் அது நல்ல செய்தி. அதற்கு ஆளைத் தட்டி எழுப்பக் கூடாது. இன்னொன்று, ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது அதைவிடக் கீழே ஓர் எல்லை. 90ல் அடித்தால் 85க்கு வந்தபிறகே அணைய வேண்டும். இல்லாவிட்டால் 89க்கும் 91க்கும் இடையில் இரவு முழுவதும் விளக்கு எரிந்து எரிந்து அணையும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை மின்வெட்டு அட்டவணை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் இடங்களைப் பத்திரிகையில் போடும்: இன்ன துணைமின் நிலையம், இன்னின்ன தெருக்கள், காலை 9 மணி முதல் இன்ன நேரம் வரை. தினத்தந்தியின் மாவட்டப் பதிப்புகளைப் பார்த்துக் கிளைக்காரர்கள் போனில் சொல்வார்கள். அதைக் கண்காணிப்பில் 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று முந்தின நாளே பதிவோம். எந்தத் தெரு எந்த ஃபீடரில் வருகிறது என்ற அறிவு எந்த வெளிநாட்டு மென்பொருளிலும் இருக்காது. ஆரணிக் கிளையின் மேனேஜர் அம்மாவுக்கு அது தெரியும். நிறுத்த நேரம் முடிந்தும் கிளை எழவில்லையென்றால்தான் அலாரம். அப்போது அந்த அலாரத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும், யுபிஎஸ் சுவிட்சைப் போடச் சொல்லிப் போன் செய்வோம்.

எதிர்ப்பும் இருந்தது. கண்காணிப்பைக் குறைத்துவிட்டீர்களா என்று வாடிக்கையாளரின் ஆடிட்டர் கேட்டார். எங்கள் மேலிடமே தயங்கியது, அலாரங்களின் எண்ணிக்கையைத்தானே மாதாந்தர அறிக்கையில் வேலையின் அளவாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணா ஒரு விதி வைத்தார். நீக்கும் ஒவ்வொரு அலாரத்துக்கும் காரணத்தை எழுதி அவர் கையெழுத்துப் போடுவார். பின்னால் ஏதாவது ஆனால் கேள்வி அவருக்கு, ஷிப்டில் இருந்தவருக்கு இல்லை. அந்தக் கையெழுத்துதான் எல்லாவற்றையும் நகர்த்தியது என்று இன்றும் நம்புகிறேன். கருவிகள் எல்லோரிடமும் இருந்தன.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல். ஒரு மாதத்துக்கு முன்புதான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். கையில் காசில்லாமல் ஊரே கார்டு மெஷினை நம்பியிருந்தது. காலை ஷிப்டுக்கு வந்த நாங்கள் யாரும் அன்று வீட்டுக்குப் போகவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. எஸ்டேட் சாலைகளில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கம்பங்களில் கட்டியிருந்த கண்ணாடியிழைக் கேபிள்கள் மரத்தோடு போயின.

பழைய திரையாக இருந்திருந்தால் அன்று பக்கங்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இப்போது பகுதிக்கு ஒரு வரி: அம்பத்தூர் எட்டவில்லை, ஆவடி எட்டவில்லை, பூந்தமல்லி எட்டவில்லை. சிவப்பு வரிகளை விரல் விட்டு எண்ணலாம். அவற்றுக்கு நடுவே ஒரு சர்வர் அறையின் வெப்பம் ஏறுவது தனியாகத் தெரிந்தது. வாடிக்கையாளரின் காவலாளிக்குப் போன் கிடைத்தது. கதவுகளைத் திறந்து வைக்கச் சொன்னோம். அவசியமில்லாத சர்வர்களை இங்கிருந்தே அணைத்தோம். அறை தாங்கியது.

ஆனால் அன்று இன்னொன்றும் தெரிந்தது, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை அரைகுறை. ஓர் இடம் நெடுநேரம் பச்சையாகவே இருந்தது. அங்கிருந்த கருவிகள் தாமாகத் தகவல் அனுப்பும் வகை. பிரச்சினை வந்தால் ஒரு செய்தியை யுடிபி வழியே எறியும், போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. பாதை அறுந்துவிட்டதால் எந்தச் செய்தியும் வரவில்லை. செய்தி வராததை மென்பொருள் நலம் என்று எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நாங்கள் அலாரங்களைச் சேர்த்தோம். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு 'உயிரோடு இருக்கிறேன்' வராவிட்டால் பச்சையைப் பழுப்பாக்கு என்று ஒன்று. எங்கள் கண்காணிப்பு சர்வரையே கோயம்புத்தூரில் இருந்த இன்னொரு பெட்டி கண்காணிக்கும்படி ஒன்று. இவற்றுக்கான கட்டங்களில் யாருக்குப் போன் செய்வது என்று முதலிலேயே எழுதியிருந்தோம். ஆயிரம் வீண் அலாரங்களை எடுத்திருந்ததால்தான் இந்த இரண்டுக்கும் திரையில் இடம் இருந்தது.

இப்போது அம்பத்தூரின் முகம் வேறு. ஒரு காலத்தில் சைக்கிளும் டயரும் செய்த ஊரில் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. சென்சார்களின் எண்ணிக்கை எங்கள் காலத்தோடு ஒப்பிடவே முடியாது. இயந்திரக் கற்றல் அலாரங்களைத் தானே வடிகட்டித் தரும் என்று விற்கிறார்கள். ஒரே காரணத்தால் எழுந்தவற்றைக் கோத்துத் தருவதில் அது உண்மையாகவே உதவுகிறது. எதை நீக்குவது என்பதற்கு மட்டும் ஒரு மனிதர் பொறுப்பேற்றே ஆக வேண்டியிருக்கிறது. நான் பார்க்கும் அணிகளில் அதற்கு இன்னும் ஆள் கிடைப்பதில்லை. இரவு ஷிப்டில் உட்காரும் பிள்ளைகளைக் கேட்டால், பக்கம் முழுவதும் தேர்வு செய்து அக் போடும் வித்தையை அவர்களும் கற்றிருக்கிறார்கள்.

வேலூர்ப் பையன் இப்போது சிங்கப்பூரில் ஒரு கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை. சில வருடங்களுக்கு முன் திடீரென்று அழைத்தான். "அக்கா, அந்த எக்செல் தாள் இருந்தா அனுப்பறீங்களா? அது வர்றதுக்குள்ள நான் போயிட்டேன்." அனுப்பினேன். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பியிருந்தான், இரண்டு கட்டம் கூட்டி. முதலாவது, 'இது வந்தபோது திரையில் வேறு எத்தனை இருந்தன?' அவன் குழுவில் எந்த விசாரணையும் அந்த எண்ணை எழுதாமல் தொடங்கக் கூடாதாம். இரண்டாவது, 'இதை நீக்கும் அதிகாரம் யாருக்கு?' அந்தக் கட்டத்தில் எல்லா வரிகளிலும் ஒரே பதிலை நிரப்பியிருந்தான்: அந்த நேரத்தில் ஷிப்டில் இருப்பவர்.